மாதம்மாவின் ரேஷன் கார்டு

அருளுக்கு,

நலம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். இருக்கிறோம் என்று வைத்துக்கொள். உன் அம்மா நீ போன பஸ்ஸின் நம்பரைக் காலண்டர் மூலையில் குறித்து வைத்திருக்கிறாள், எதற்கென்று அவளுக்கே தெரியாது. எனக்குக் கண் முன்போல இல்லை. இருபத்தைந்து வருஷம் வெயிலில் பளபளக்கிற கருப்புக் கல்லை உற்றுப் பார்த்த கண். காலையில் இரண்டு பக்கம் எழுதினால் மதியம் வரைக்கும் நீர் வடிகிறது. அதனால் இந்தக் கடிதத்தை நாலைந்து நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். விஷயமும் கோணலானதுதான்.

ஓசூருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் சாப்பிடும்போது நீ ஒன்று சொன்னாய். "நீங்க பார்த்த வேலையைத்தாம்ப்பா நானும் பார்க்கப் போறேன், என்ன, நீங்க குவாரியில வெயில்ல நின்னீங்க, நான் ஆபீஸ்ல ஃபேனுக்குக் கீழ உக்காந்து அதே கல்லை வாங்கப் போறேன்" என்று. உன் அம்மா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நானும் சிரித்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, வயிறு சரியில்லை என்று எழுந்து போனேன், ஞாபகம் இருக்கும். வயிற்றுக்கு ஒன்றும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் வைத்தாவது சொல்லிவிடலாம் என்றுதான் உன் கூடவே வந்தேன். நீ புதுச் சட்டையோடு ஜன்னலோரம் உட்கார்ந்ததும் வாய் வரவில்லை. எழுதுவதில் ஒரு சௌகரியம், எதிரே முகம் இருப்பதில்லை.

நான் பார்த்த வேலை என்ன என்று உனக்கு முழுதாகத் தெரியாது. அளவுக்காரர் என்பார்கள். கல்லை வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியின் சம்பளத்தில், அந்தக் கம்பெனிக்குக் கல் கொடுக்கும் குவாரிகளுக்குப் போய், வெட்டி வைத்த கல்லை அளந்து, நல்லதில் பெயிண்டால் நம்பர் போட்டு, கெட்டதைத் தள்ளிவிட வேண்டும். நூல் வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. கல் மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொல்லிக் காத்திருப்போம். கல் முழுக்கக் காய்ந்த பிறகும் வெடிப்பில் மட்டும் ஈரம் ஒரு கோடாக நிற்கும். அந்தக் கோட்டைக் கண்டுபிடிப்பதில் எனக்கு நல்ல பெயர். தண்ணீரைச் சுமந்து வருகிறவர்களைப் பார்ப்பது என் வேலையில் சேர்ந்ததல்ல என்று நினைத்திருந்தேன். குவாரி வேறு, கம்பெனி வேறு. ஆள் அவர்களுடையது, கல் மட்டும் எங்களுடையது. இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். நீயும் சீக்கிரமே சொல்ல ஆரம்பிப்பாய். உன் மேஜையில் இருக்கிறவர்களுக்கு முதலில் கற்றுக்கொடுக்கும் பாடமே அதுதான்.

மாரண்டஹள்ளிக்கு மேற்கே ஒரு குவாரி இருந்தது, இன்னும் இருக்கிறது. மழை தவறிப் போன அந்த வருஷத்தில் மொரப்பூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக அங்கே வந்தார்கள். வரும்போதே மேஸ்திரி கையில் முன்பணம் வாங்கியிருந்தார்கள். அது தீராதபடி பார்த்துக்கொள்வது மேஸ்திரியின் சாமர்த்தியம். அதை எல்லோரும் பேசுவார்கள், நான் பேசப் போவது வேறு. வந்தவர்களின் ரேஷன் கார்டை அங்கிருந்த கடைக்கு மாற்றி எழுதிக்கொண்டார்கள். ஒருநாள் அவர்கள் தங்கியிருந்த ஓலைக் கொட்டாய் ஒன்று தீப்பிடித்து இரண்டு குடும்பத்தின் கார்டு எரிந்து போயிற்று. அப்போது குவாரிக்காரர் என்னிடம் வந்து, ரொம்ப மரியாதையாக, எல்லாக் கார்டையும் உங்கள் வீட்டில் பத்திரமாக வைத்திருங்கள், மேஸ்திரியை நம்பிக் கொடுக்க இவர்கள் பயப்படுகிறார்கள், கோயிலுக்குப் போகிற மனுஷன் நீங்கள், உங்களிடம் என்றால் கொடுப்பார்கள் என்றார். கொடுத்தார்கள். கார்டு எரியாமல் மிஞ்சின இருபத்திரண்டு குடும்பம், இருபத்திரண்டு கார்டு. ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை.

உனக்கு அந்தக் கார்டுகள் நினைவிருக்க வேண்டும். நம் வீட்டு இரும்புப் பெட்டியில் உன் ஞானஸ்நானச் சீட்டுக்கும் நிலப் பத்திரத்துக்கும் பக்கத்தில் வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் காலண்டர் தாளில் அட்டை போட்டேன். குடும்பத் தலைவர் பெயரை நானே முத்து முத்தாக எழுதினேன், உன் அம்மா கோந்து தடவிக் கொடுத்தாள். மாதம் இரண்டு தடவை பையில் போட்டு எடுத்துப் போய் மேஸ்திரியிடம் கொடுப்பேன். அவன் கடையில் அரிசியும் மண்ணெண்ணெயும் வாங்கி முடித்ததும் சாயங்காலம் எண்ணித் திரும்ப வாங்கிக்கொள்வேன். ஒரு கார்டுகூடத் தொலைந்ததில்லை, ஒரு மூலை மடங்கினதில்லை. எனக்கு அதில் அவ்வளவு பெருமை. ஊரெல்லாம் காய்ந்து கிடந்த வருஷம் அது. ரேஷன் அரிசி இல்லாவிட்டால் அடுப்பு எரியாது. கார்டு இல்லாமல் சொந்த ஊருக்குத் திரும்பிப் போகிறவன் பட்டினிக்குத்தான் போக வேண்டும். குவாரியைச் சுற்றி வேலி கிடையாது, காவலுக்கு நாயும் கிடையாது. வேலை செய்தது என் இரும்புப் பெட்டி. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஆறு வருஷம் ஆயிற்று. நான் முட்டாள் இல்லை என்பது உனக்குத் தெரியும், அதனால் புரியவில்லை என்று சொல்வதுகூடப் பாதிப் பொய்.

தண்ணீர் சுமந்தவர்களில் மாதம்மா என்று ஒரு பெண். புருஷன் கல் உடைக்கிறவன். மூத்தவள் ராணி, அவளுக்குக் கீழே ஒரு சின்னப் பையன். ஒரு நாள் கல் உருண்டு புருஷனின் கால் நசுங்கிவிட்டது. குவாரியில் பச்சிலை கட்டிப் பத்து நாள் போட்டிருந்தார்கள். கால் கறுத்து நாற்றம் எடுத்ததும் மாதம்மா பயந்துபோய், தர்மபுரி ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு அப்படியே ஊருக்குப் போய்விடுகிறோம் என்று கேட்டிருக்கிறாள். போய்க்கொள், மூத்தவளை இங்கே வேலைக்கு விட்டுவிட்டுப் போ, கார்டும் இங்கேயே இருக்கட்டும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டான்.

சந்தை நாள் அன்று அவள் ராணியைக் கூட்டிக்கொண்டு நம் காரிமங்கலம் வீட்டுக்கு வந்தாள். கூட்டத்தோடு கூட்டமாக வந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று சந்தை நாளாகப் பார்த்து வந்திருக்கிறாள். உன் அம்மா களி கிண்டிப் போட்டாள். நீ பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். ராணி உன் மேஜை ஓரம் நின்று வேடிக்கை பார்க்க, நீ காம்பஸை வைத்து ஒரு வட்டம் போட்டுக் காட்டினாய். அவளுக்கு அப்போது பதிமூன்று வயது. மாதம்மா என்னிடம் கேட்டதை அவள் கேட்டபடியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் மறக்கவில்லை.

"அய்யா, கார்டைக் குடுத்தீங்கன்னா நாலு பேரும் ஒண்ணாப் போயிருவோமுங்க. கார்டு கையில இருந்தா ஊர்ல எப்பிடியோ கஞ்சி குடிச்சிக்குவோம். இல்லாட்டிப் புள்ளைய வுட்டுட்டுப் போவச் சொல்றாங்க. வயசுக்கு வரப் போற புள்ளைங்க."

பெட்டி நாலடி தூரத்தில் இருந்தது. சாவி என் அரைஞாணில் இருந்தது. நான் சொன்ன பதிலையும் எழுதிவிடுகிறேன். "இது என் பொருள் இல்லைம்மா, நம்பிக் குடுத்து வெச்சிருக்காங்க. முதலாளியைக் கேக்காம எடுத்துக் குடுத்தா நல்லாருக்காது. நான் கேட்டுச் சொல்றேன்." அவள் மறுபடி கேட்கவில்லை. சரிங்க என்று எழுந்தாள். யார் பொருளை யாரைக் கேட்டு யாருக்குக் கொடுப்பது என்று அன்றைக்கு எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. குவாரிக்காரரைக் கேட்கவும் இல்லை. அந்த வாரம் மெட்ராஸில் கப்பல் நின்றுகொண்டிருந்தது, அறுபது கல் போயாக வேண்டும், கம்பெனியிலிருந்து தினமும் தந்தி. அந்த நேரத்தில் தண்ணீர் சுமக்கிற ஓர் ஆள் குறைவது எனக்கும் இடைஞ்சல். இன்னொரு காரணமும் உண்டு, அதை எழுதத்தான் இத்தனை நாள் பிடித்தது. பாலிடெக்னிக்கில் உன் சீட்டுக்கு ஒரு பெரிய மனிதரிடம் சொல்வதாக அந்தக் குவாரிக்காரர்தான் வாக்குக் கொடுத்திருந்தார். சொன்னார், உனக்குக் கிடைத்தது. உன் மார்க்குக்கு அவர் சொல்லாமலே கிடைத்திருக்கலாம், அது எனக்குத் தெரியாது. இதை உன் தலையில் ஏற்றுவதற்காக எழுதவில்லை. நீ சின்னப் பையன், படித்தாய், பாஸ் செய்தாய், உன் மேல் ஒரு குற்றமும் கிடையாது. ஆனால் தெரியாமல் இருக்கக் கூடாது என்று படுகிறது.

மாதம்மா புருஷனையும் சின்னவனையும் கூட்டிக்கொண்டு போனாள். ராணி குவாரியில் நின்றுவிட்டாள். அடுத்த வாரம் நான் போனபோது கல் மேல் தண்ணீர் ஊற்றியது அவள்தான். குடத்தைத் தூக்க முடியாமல் பாதியைத் தன் மேலேயே கொட்டிக்கொண்டாள். நான் நம்பர் போட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நாலைந்து மாதம் கழித்து ஒரு ரெவின்யூ ஆபீசர் ஜீப்பில் வந்தார். கொத்தடிமை என்பதே கூடாது என்று எமர்ஜென்சி காலத்திலேயே சட்டம் போட்டுவிட்டார்கள், அதை விசாரிக்க வந்தவர். குவாரிக்காரருக்கு முதல் நாளே தெரிந்திருந்தது. வாய் பேசக்கூடிய நாலு பேரை வேறு எங்கோ கல் ஏற்ற அனுப்பிவிட்டார். மிச்சப் பேர் மேஸ்திரிக்கு எதிரே வரிசையாக நின்று, கேட்டதற்கெல்லாம் தலையாட்டினார்கள். ஆபீசர் சின்ன வயசுக்காரர், நல்லவர் போலத்தான் தெரிந்தார். குவாரி ஆட்களை நம்பாமல், வெளியாள் நான் ஒருவன் இருக்கிறேனே என்று என்னிடம் வந்து, உண்மையைச் சொல்லுங்கள், இவர்கள் விரும்பினால் போக முடியுமா என்று கேட்டார்.

"நான் கம்பெனி ஆளுங்க, குவாரிக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லீங்க. எனக்குத் தெரிஞ்சு எல்லாம் கூலிக்கு வந்தவங்க. போவணும்னா போவாங்க."

எழுதி நீட்டினார், கையெழுத்துப் போட்டேன். ராணி பத்தடி தள்ளிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். நம் வீட்டில் களி சாப்பிட்டவள், என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜீப் போனதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பொய் சொன்னதற்காக இல்லை, கார்டுகள் என் வீட்டில் அகப்பட்டால் என்ன ஆவது என்று. அடுத்த நாளே இருபத்திரண்டையும் எடுத்துப் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டேன். யாரிடம் தெரியுமா? குவாரிக்காரரிடம். வாங்கின இடத்தில் கொடுப்பதுதான் ஒழுக்கம் என்று நினைத்தேன். போகிற வழியில்தான் அந்த இருபத்திரண்டு கொட்டாயும் இருந்தன. அட்டையில் பெயர்கூட என் கையெழுத்தில் எழுதியிருந்தது. ஒவ்வொரு வாசலிலும் நின்று கொடுத்திருந்தால் அரை மணி நேரம் ஆகியிருக்கும். இப்படி ஒரு மடத்தனத்தை நேர்மை என்ற பெயரில் என்னைப் போன்ற ஆள்தான் செய்வான். அதற்குப் பிறகு கம்பெனியில் வேறு குவாரிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன், அந்தப் பக்கமே போகவில்லை. ஒவ்வொரு தவசுக்காலத்திலும் பாவசங்கீர்த்தனத்துக்கு மண்டியிட்டிருக்கிறேன். கோபப்பட்டது, கப்பல் வேலையால் ஞாயிறு பூசைக்குப் போகாதது, உன் பெரியப்பாவோடு பேசாமல் இருப்பது, எல்லாம் சாமியாரிடம் சொன்னேன். இதைச் சொன்னதே இல்லை. பாவக் கணக்கில் அது வரும் என்றே தோன்றவில்லை.

இனி நீ அந்த மேஜையில் உட்காருவாய். உன்னிடம் வருகிற பில்லில் சட்டப்படி நடக்கிறோம் என்று ஒரு வரி அச்சடித்திருக்கும், கீழே கையெழுத்தும் இருக்கும். என் கையெழுத்தும் அப்படி ஒரு காகிதத்தில்தான் இருக்கிறது, அதனால் அதை வைத்து ஏமாந்துவிடாதே. விலையை இன்னும் குறை, பத்து நாளில் கல் வேண்டும் என்று மேலேயிருந்து சொல்லுவார்கள், நீ அதைக் குவாரிக்குச் சொல்லுவாய், குவாரிக்காரர் மேஸ்திரிக்குச் சொல்லுவார், மேஸ்திரி யாரிடம் போய்ச் சொல்லுவான் என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு போனை எடு. குவாரிக்குப் போனால் மேஸ்திரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யாரிடமும் எதையும் கேட்காதே, பதில் தலையாட்டலாகத்தான் வரும். டீக்கடையிலோ ரேஷன் கடை வரிசையிலோ பெண்களைப் பார்த்தால் பேச்சுக் கொடு. கார்டு யார் கையில் இருக்கிறது என்று கேள். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனீர்களா என்று கேள். போனோம் என்றால் அதோடு விட்டுவிடாதே, எல்லோரும் சேர்ந்து போனீர்களா, யாரையாவது விட்டுவிட்டுப் போனீர்களா என்றும் கேள். அதில்தான் எல்லாம் இருக்கிறது. கேட்டுவிட்டுச் சும்மா இருக்காதே என்றும் சொல்ல வேண்டும், ஆனால் அதைச் சொல்கிற தகுதி எனக்கு இல்லை. பேசினவளுக்கு அன்றைக்கு ராத்திரி அடி விழாமல் பார்த்துக்கொள்வதும் உன் பொறுப்பு என்று மட்டும் சொல்கிறேன்.

இப்போது ஏன் இதெல்லாம் என்று நீ கேட்பாய். போன மாதம் ஒரு சாவுக்காக மொரப்பூர் போயிருந்தேன் அல்லவா. திரும்பி வரும்போது ரயில் லேட். பிளாட்பாரத்தில் கூடையில் கொய்யாப்பழம் வைத்து விற்றுக்கொண்டிருந்தவள் என் முகத்தையே பார்த்துவிட்டு, அளவு அய்யாதானே என்றாள். மாதம்மா. தலை முழுக்க நரைத்துப் போயிருந்தது. என்னைவிடப் பத்து வயசாவது சின்னவள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவள் கூடையைத் தள்ளி வைத்துவிட்டு உட்காரச் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் போகையிலேயே காலில் விஷம் ஏறிவிட்டதாம், புருஷன் அந்த மாதமே போய்விட்டான். கார்டு இல்லாமல் அந்தக் கோடையை எப்படிக் கழித்தாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ராணியைக் கூட்டிவர இரண்டு தடவை குவாரிக்குப் போயிருக்கிறாள். முதல் தடவை கணக்கு முடியவில்லை என்றார்கள். இரண்டாம் தடவை போனபோது ராணியை அங்கேயே ஒரு கல் உடைக்கிறவனுக்குக் கட்டி வைத்திருந்தார்கள், கையில் குழந்தை. பார்க்க விட்டார்கள், கூட்டிப் போக விடவில்லை. அதற்குப் பிறகு இவளைக் குவாரிப் பாதையிலேயே விடுவதில்லையாம். பேரன் பெயர்கூட இவளுக்குத் தெரியாது.

சொல்லி முடித்துவிட்டு, உங்க பையன் நல்லா இருக்குதுங்களா, படிச்சிக்கிட்டு இருந்துச்சே என்று கேட்டாள். என் வாய் சும்மா இருந்ததா? படிப்பு முடித்துவிட்டான், ஓசூரில் கல் கம்பெனியில் வாங்குகிற பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. நீ சேரும் கம்பெனிக்குக் கல் கொடுக்கும் குவாரிகளில் அதுவும் ஒன்று, நீ காட்டின பட்டியலில் நானே அந்தப் பெயரைப் பார்த்தேன். உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மாதம்மாவுக்கு அது தெரியாது. அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"அப்பக் கல்லு வாங்க அந்தத் தம்பி அங்கெல்லாம் போவுமுங்களே. எம் புள்ளையப் பாத்தா, ஆத்தா இங்க மொரப்பூர் டேசன்லதான் இருக்குது, செத்துப் போவலைன்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க அய்யா."

வேறு ஒன்றும் அவள் கேட்கவில்லை. மீட்டுக் கொடு என்று கேட்கவில்லை, நியாயம் கேட்கவில்லை. நான் வாங்காமலே மடியில் நாலு கொய்யாவைப் போட்டாள், காசு கொடுத்தால் வாங்க மாட்டேன் என்றாள். ரயிலில் வரும்போது அதைத் தின்னவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. உன் அம்மாதான் சாப்பிட்டாள், எங்கே வாங்கினீர்கள், ருசியாக இருக்கிறதே என்றாள். அவளிடமும் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து சொல்லப் போகிறேன்.

அடுத்த திங்கட்கிழமை தர்மபுரி போய்க் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுக்கப் போகிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் எழுதிக் கொடுத்தது பொய் என்றும், கார்டுகளை வைத்திருந்தவன் நான்தான் என்றும், ராணி என்ற பெண்ணும் அவள் புருஷனும் குழந்தையும் இன்னும் அங்கே இருக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறேன். மறுபடி ஜீப் போகலாம், மறுபடி முதல் நாளே தெரிந்துவிடலாம், எனக்கு ஆபீஸ்கள் மேல் பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லை. என் மேலேயே கேஸ் வரலாம். குவாரிக்காரர் உன் முதலாளிக்கு வேண்டியவர், யாருடைய பையன் என்று விசாரிப்பார்கள். கேட்டால் மறைக்காதே, எங்கப்பாதான் என்று சொல். அதனால் உன் வேலைக்கு ஆபத்து வந்தால், வரக்கூடும், நீ என்னை என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். முதல் சம்பளம்கூட வாங்காத பையனுக்கு இப்படி ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கிறதே என்று வெட்கமாக இருக்கிறது. ரொம்ப அலுப்பாகவும் இருக்கிறது அருள். ஐம்பத்திரண்டு வயசில் செய்திருக்க வேண்டியதை ஐம்பத்தெட்டில் செய்கிறவனுக்கு அதில் வீரம் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

பதில் எழுது, எழுதாவிட்டாலும் சரி. மனுவைக் கொடுக்க வேண்டாம் என்று மட்டும் எழுதாதே, எழுதினால் ஒருவேளை கேட்டுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

ஒன்று பாக்கி இருக்கிறது. ரயில் கிளம்பும்போது மாதம்மா ஜன்னலோரமாகக் கூடவே நடந்து வந்து, தம்பி சொல்லுமுங்களா என்று மறுபடி கேட்டாள். சொல்லுவான் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமலேதான் சொன்னேன்.

அப்பா